கூடப் பாட முடியாத நாற்பது நிமிடம்

பதிவு செய்த முதல் நாள் அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். கிதார் வாசிக்க என் நண்பன், மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ரேடியோ ரிப்பேர் கடைக்காரர், டேப் சிக்காமல் ஓடுவதற்குப் பென்சில் பிடிக்க நான். இல்லாதவர் ஒருவர், யாருக்காக அதைச் செய்தோமோ அவர். நண்பனின் அக்கா அப்போது தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் தள்ளி, காசநோய் சானடோரியத்தில், பெண்கள் வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் ஐந்தாவது மாதமாகப் படுத்திருந்தார்.

அக்கா ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவர்கள் போகும் சர்ச்சில் பதினாறு வயதிலிருந்து கொயரில் பாடி வந்தவர். இடது நுரையீரலின் மேல்பாகத்தில் ஓட்டை விழுந்திருந்தது. மருந்து பாதிதான் கேட்டது. மிச்சத்தை வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் அதற்கு முன் ஆறு வாரமாவது இருமலில் ரத்தம் வராமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சத்தமாகப் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, பாடவே கூடாது.

அக்கா சொன்ன சொல் தட்டாதவர். வாயைத் திறக்கவில்லை. ஆனால் மத்தியானம் நர்ஸ் அறையிலிருந்து ரேடியோ கேட்டால், உதடு அசையாமல் தொண்டை மட்டும் அசையும். சினிமாப் பாட்டு, கீர்த்தனை, விளம்பரப் பாட்டு, எதுவானாலும் சரி. தொண்டைக்குள்ளேயே ஓர் அடியை முழுதாகப் பாடி முடிக்கும்போது இருமல் வரும், அதோடு ரத்தமும் வரும். இரண்டு முறை அப்படி ஆகி, இரண்டு முறையும் ஆறு வாரக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. ரேடியோவை நிறுத்திப் பார்த்தார்கள். மற்ற கட்டில்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதோடு, அக்காவுக்கும் பலன் இல்லை. காது சும்மா இருந்தால் தலைக்குள் பாட்டு தானாக ஓடுகிறது என்று அவர் தம்பியிடம் சொன்னார். ஒன்றரையிலிருந்து மூன்று வரை வார்டில் எல்லோரும் அசையாமல் படுத்திருக்க வேண்டிய நேரம். அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவருக்கு ஆபத்தான நேரமாக இருந்தது.

என் நண்பன் இதை என்னிடம் சொன்னது தாம்பரம் பிளாட்பாரத்தில், பீச் போகும் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோது. தலைக்குள் ஓடுவதை நிறுத்த வேண்டுமானால் காதுக்கு வேறு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவன் யோசித்திருந்தான்.

"மியூசிக்காத்தான் இருக்கணும் மச்சான். ஆனா யாராலயும் கூடப் பாட முடியக் கூடாது."

அப்படி ஒன்று உண்டா என்று கேட்டேன். இல்லை, செய்ய வேண்டும் என்றான்.

அவன் கல்யாண ரிசப்ஷன்களில் எலக்ட்ரிக் கிதார் வாசிக்கிறவன். பரங்கிமலையில் குடியிருந்த ஓர் ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன கிதார். சிவப்பு வண்ணம், விளிம்பில் பெயர்ந்து உள்ளிருக்கும் மரம் தெரியும். ரிசப்ஷனில் அவன் வேலை, பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் நிரப்புவது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எல்லோருக்கும் தெரிந்தபடி வாசித்துப் பிழைத்தவன், யாருக்கும் தெரியாததாக ஒன்றை வாசிக்க வேண்டியிருந்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வந்த தவறு என்னுடையது. அப்பா குரோம்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். எட்டு வயதிலிருந்து தெருவுக்கே கடிதம் வாசித்தேன். ரேஷன் கார்டு, மருந்து பாட்டில், முனிசிபாலிட்டி நோட்டீஸ் எல்லாம் என்னிடம் வரும். நான் வாசித்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. தவறாக வாசித்தாலும் பேச்சில்லை. பிறகு உதவித்தொகையில் பி.எஸ்.சி. பிசிக்ஸ் முடித்து, அதே கல்லூரியின் ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். அச்சில் இருப்பது ஒருபோதும் மாறாது என்ற நம்பிக்கையோடு வளர்ந்துவிட்டேன். அதைக் குலைக்க வீட்டில் ஆள் இல்லை.

ரேடியோக்காரர் கடை மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். முன்னால் கடை, பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர் கைபட்டுப் பேசாத ரேடியோ இல்லை. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, பி.எஸ்.சி. என்றுதான் கூப்பிடுவார். ரிப்பேருக்கு வந்த இரண்டு ஸ்பூல் டேப் ரெக்கார்டர்கள் அவரிடம் இருந்தன. ஒன்றின் சொந்தக்காரர் வடக்கே மாற்றலாகிப் போய், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். மற்றொன்று அவருடையதே, யாரோ கைவிட்டதைச் சரிசெய்து வைத்துக்கொண்டது.

தந்தியை மீட்டினால் 'டிங்' என்று ஓர் அடி விழும். அடி விழுந்தால் தாளம் தெரியும், தாளம் தெரிந்தால் அக்காவின் தொண்டைக்கு நுழைய வழி கிடைத்துவிடும். முதலில் அந்த அடியை எடுக்க வேண்டும் என்று நண்பன் சொன்னான். ரேடியோக்காரர் பழைய தையல் மெஷினின் மிதியைக் கொண்டுவந்து, வால்யூம் திருகுக்கும் அதற்கும் கயிறு கட்டினார். மிதியை மேலே விட்டுத் தந்தியை மீட்ட வேண்டும், அப்போது சத்தம் வராது. பிறகு மெல்ல மிதித்தால் அடியில்லாமல் நாதம் மட்டும் எழுந்து வரும். எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது.

அடுத்து, எங்கே முடிகிறது என்பதும் தெரியக் கூடாது. அதற்கு ஜன்னல் திரை மாட்டும் ஸ்பிரிங் கம்பி இரண்டை ஒரு பலகையில் இழுத்துக் கட்டினோம். ஒரு முனையில் காதுபோன் வழியாகச் சத்தம் உள்ளே போகும், மறுமுனையில் கிராமபோன் ஊசி மாட்டும் பிக்கப் அதை வாங்கும். இடையில் ஸ்பிரிங் நடுங்கும் நடுக்கம் சேர்ந்து, பெரிய காலி மண்டபத்தில் வாசித்தது போலக் கேட்கும்.

மூன்றாவது தற்செயலாகக் கிடைத்தது. வடக்கே போனவரின் மெஷினில் டேப்பைச் சுற்றிக்கொள்ளும் பக்கம் வேலை செய்யவில்லை. அதனால் ரேடியோக்காரர் டேப்பை அங்கிருந்து நேராக இழுத்து, மூன்றடி தள்ளி மேஜைமேல் இருந்த தன் மெஷினில் சுற்றவிட்டார். முதல் மெஷின் பதிவு செய்ததை இரண்டாவது மெஷின் ஒன்பது பத்து வினாடி கழித்து ஒலித்தது. அதை ஒரு ஒயரில் திரும்ப முதல் மெஷினுக்கே அனுப்பினார். நண்பன் ஒரு ஸ்வரம் வாசித்தால் அது பத்து வினாடிக்கு ஒருமுறை, வரவரத் தேய்ந்து, புதிதாக வாசிப்பதற்கு அடியில் திரும்பி வந்துகொண்டே இருந்தது. மூன்று ஸ்வரத்துக்குப் பிறகு எது இப்போது வாசித்தது, எது முன்பு வாசித்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் கிதாரை மடியில் வைத்துவிட்டு, அது தானாகத் தேய்ந்து அடங்கும் வரை கேட்டான்.

"இதுதான்," என்றான்.

இரண்டு மெஷின்களுக்கும் நடுவில் டேப் தொய்யாமல் இருக்க ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அது என் வேலை.

"பி.எஸ்.சி., பென்சில ஆட்டாத. நீ ஆட்னா பாட்டும் ஆடும்," என்றார் ரேடியோக்காரர். "இவ்ளோ படிச்சிட்டு பென்சில் புடிக்கத் தெர்லன்னா இன்னா அர்த்தம்?"

எவ்வளவு செய்தும் போகாதது ஒன்று இருந்தது. கிதாரை மின்சாரத்தில் இணைத்த நிமிடத்திலிருந்து ஒலிபெருக்கியில் ஒரு முனகல் கேட்கும். ரேடியோக்காரர்கள் அதை ஹம் என்பார்கள். கரண்ட் ஓடுகிற சத்தம். கேட்டைத் தாண்டி மின்சார ரயில் போகும்போது அது தடிக்கும். ஒயரை மாற்றினோம், தகரம் சுற்றினோம், தரையில் கம்பி புதைத்தோம். குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் நண்பன் அதைத் துரத்துவதை விட்டுவிட்டு, தந்திகளை அந்த ஹம்முக்கே சுருதி கூட்டினான். முனகல் தம்பூரா ஆகிவிட்டது. அவன் நிறுத்தும் இடத்தில் எல்லாம் அது அடியில் நின்றது.

அந்த முதல் நாள் மாலை ஆறு மணிக்கு மேல் பதிவைத் தொடங்கினோம். நான் ஆய்வகத்திலிருந்து ஓர் இசைக்கவையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். இரண்டு கிளை உள்ள எஃகுக் கவை. தட்டினால் எப்போதும் ஒரே சுருதி, அதன் எண் தண்டிலேயே வெட்டியிருக்கும். அதைத் தட்டிக் கிதாரின் மரத்தில் வைத்தேன். நண்பன் ஹம்மைக் கேட்டுக் கூட்டியிருந்த தந்தியோடு, மேல் ஸ்தாயியில், பிசிறில்லாமல் ஒட்டி நின்றது. எனக்கு அதில் இருந்த மகிழ்ச்சியை மறைக்கவில்லை. எண்ணைச் சொன்னேன். ரேடியோக்காரர் நல்லது என்றார்.

நண்பன் ஐந்து துண்டு நினைத்திருந்தான். எல்.பி. ரெக்கார்டு போல ஐந்து இருக்க வேண்டும், ஆனால் நடுவில் இடைவெளி கூடாது, ஒன்று மற்றொன்றில் கரைய வேண்டும். பெயர் வைக்கவில்லை, பெட்டியில் ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் எழுதினான். மூன்று முடிந்தபோது கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் மின்வெட்டு சொல்லிவிட்டும் வந்தது, சொல்லாமலும் வந்தது. அரைமணி நேரம் இருட்டில் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மிச்சம் இரண்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொண்டோம். நண்பன் ஆராதனை முடிந்து நேராக வந்தான். கிதாரை மாட்டி, ஹம்முக்குத் தந்தியைக் கூட்டினான். நான் இசைக்கவையைத் தட்டி வைத்தேன். ஒட்டவில்லை. தந்தி மேலே இருந்தது. முதல் மூன்று துண்டும் கவையின் சுருதியில் பதிவாகியிருக்கின்றன, ஆகையால் அதற்கே இறக்கு என்றேன். அவன் இறக்கிப் பார்த்தான். அடியில் ஓடிய ஹம்மோடு சேர்ந்து தந்தி அலை அலையாக அதிர்ந்தது.

"உரசுது மச்சான். ஒட்டலை."

"ஹம் இன்னிக்கு மாறியிருக்கு. ஃபோர்க் எஃகு, அது மாறாது. எதை நம்பறது சொல்லு."

அவன் ரேடியோக்காரரைப் பார்த்தான். அவர் சாலிடரிங் கம்பியை ஊதிக்கொண்டிருந்தார். தனக்குத் தெரிந்தவரை போன தடவை எப்படிக் கூட்டினோமோ அப்படியே கூட்டுவதுதான் நல்லது, ஆனால் படித்தவர்கள் இருக்கும்போது தான் என்ன சொல்வது என்கிற மாதிரி ஏதோ சொன்னார். போன தடவை கவைக்குத்தானே ஒட்டியது என்றேன். அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு டேப்பை மாட்டினார்.

"நீ சொன்னா சரி," என்றான் நண்பன்.

என் வீட்டிலும் தெருவிலும் நான் கேட்டுப் பழகிய சொல் அது. நான்காவதும் ஐந்தாவதும் கவையின் சுருதியில் பதிவாயின. ரேடியோக்காரர் இரண்டு டேப்பையும் சாய்வாக வெட்டி ஒட்டினார். இணைப்பு வரும் இடத்தில் அன்றைக்கு ஒரு சரக்கு ரயில் போனது, நாங்கள் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்கலாம் என்று நண்பன் சொன்னான். எனக்கு மறுநாள் ஆய்வகத்துக்கு முடித்து வைக்க வேண்டிய வேலை இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் ரேடியோக்காரர் தன் மெஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டி வார்டுக்குக் கொண்டுபோனார். தலைமை நர்ஸ் ஒரு தடவை நிறுத்தி விசாரித்துவிட்டு, சத்தம் அடுத்த கட்டிலைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார். அந்த ஓய்வு நேரத்தில் ஆண்கள் உள்ளே இருக்கக் கூடாது. நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். நடந்ததை நர்ஸ் சொல்லித்தான் தெரியும்.

முதல் இருபத்தைந்து நிமிடம் அக்கா அசையவில்லை. கண் மூடியிருந்தார். கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கொஞ்சம்கூட அசையவில்லை என்றார் நர்ஸ். அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் தூங்கிவிட்டாராம். பிறகு இணைப்பு வந்தது. எந்த அறிவிப்பும் இல்லாமல் சுருதி ஒரு மயிரிழை, அரை ஸ்வரத்துக்கும் குறைவாக, கீழே இறங்கியது. நர்ஸுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அக்கா கண்ணைத் திறந்தார். திறந்து, பழைய சுருதியை மெல்ல முனகத் தொடங்கினார்.

இதற்குக் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் அவர்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்க மாட்டார்கள். வெறும் குரலில் பாடும்போது, களைப்பில், சபையின் சுருதி ஒவ்வொரு சரணத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும். இறங்காமல் தொடக்கச் சுருதியைப் பிடித்து நிறுத்த கொயரில் ஒருவர் வேண்டும். பதினான்கு வருஷமாக அது அக்காவின் வேலை. அவர் பாட்டைப் பாடவில்லை. இறங்கியதைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். டேப்போ இறங்கியது இறங்கியபடியே ஓடிக்கொண்டிருந்தது. கூடப் பாட முடியாதது என்று நாங்கள் செய்ததற்குள், அவரால் பாடாமல் இருக்கவே முடியாத ஒன்றை நான் வைத்துவிட்டிருந்தேன்.

நர்ஸ் ஓடிப்போய் மெஷினை நிறுத்துவதற்குள் இருமல் தொடங்கிவிட்டது. இந்தத் தடவை முன்பைவிட அதிகம் ரத்தம் வந்தது. குறித்திருந்த ஆபரேஷன் தேதிக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. டாக்டர் அதை ஆறு வாரம் தள்ளிவைத்தார்.

நண்பனை மறுநாள் பார்க்கவிட்டார்கள். அக்காவைப் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தும் ஒன்று சொன்னாராம்.

"இறங்கிடுச்சுடா. நான் என்ன பண்றது?"

கடையில் நான் இரண்டு நாள் முகம் காட்டவில்லை. மூன்றாம் நாள் ரேடியோக்காரரே கல்லூரி வாசலுக்கு வந்து என்னைக் கூட்டிப்போனார். அவருக்குக் கோபம் இல்லை. ஒரு சாதனத்தில் எந்தப் பாகம் போயிற்று என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"கரண்டு இன்னா எழ்தி வச்சபடியா வருது? சாயங்காலம் ஊரே லைட்டு போட்டா அது தளரும். ஞாயித்துக்கெயமை பேக்டரி லீவு, நல்லா வரும். தளந்தா ஹம்மு எறங்கும், மெஷினும் மெதுவா சுத்தும். மொத நாளு கித்தாரு, மெஷினு, ரெண்டும் கரண்டு கையப் புட்ச்சிக்கினு ஒண்ணா நடந்துச்சு. மெதுவா சுத்தி எடுத்தத நல்லா சுத்தறப்போ போட்டா எறங்குன சுருதி ஏறி எடத்துக்கு வந்துடும். அதனால போட்டுக் கேட்டா சரியா கீது. ரெண்டாவது நாளு நீ கித்தார மட்டும் கைய வுட வச்சிட்ட."

முதல் நாள் கவையோடு ஒட்டியது, அன்றைக்குக் கரண்ட் தளர்ந்திருந்த அளவு தற்செயலாக அந்த எண்ணுக்குப் பொருந்தியதால். மாறாதது எஃகு என்பது சரிதான். மாறுவதோடு சேர்ந்து மாறியிருந்தால்தான் சுருதி நின்றிருக்கும் என்பது என் புத்தகத்தில் இல்லை. அல்லது இருந்து, நான் அந்தப் பக்கத்தை இந்தக் கடையோடு சேர்த்துப் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோல் தொழிற்சாலை மூடியிருக்கும் என்பது அப்பாவின் மகனான எனக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

அவருக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தால் ஏன் அழுத்திச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ அம்மாம் நிச்சயமா சொன்னியே. சரி, இதுல நமக்குத் தெரியாதது இன்னாமோ கீது போலன்னு நெனச்சேன்," என்றார்.

இனி மெஷினே வார்டுக்குள் வரக் கூடாது என்பதில் தலைமை நர்ஸ் உறுதியாக இருந்தார். அவரை மாற்றியது அக்கா. பேசக் கூடாதென்பதால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: வார்டுக்கு வந்த இத்தனை மாதத்தில் இருபத்தைந்து நிமிடம் தலைக்குள் பாட்டு ஓடாமல் இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான். டாக்டர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, இணைப்பே இல்லாத ஒன்றாக இருந்தால் ஒருமுறை பார்க்கலாம் என்றார். அதோடு அவர் சொல்லாத ஒன்றும் எங்களுக்குத் தெரிந்தது: இன்னொரு தடவை ரத்தம் வந்தால் ஆபரேஷன் தள்ளிப்போவதோடு நிற்காது.

புது ஸ்பூல் வாங்கினோம். நாற்பது நிமிடம், ஐந்து துண்டும், வெட்டாமல் ஒட்டாமல், ஒரே ஓட்டத்தில் வாசிக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை, ரேடியோக்காரர் கையில் இருந்த வேலைகளை முடித்துக் கடைக்கதவைச் சாத்தும்போது ஐந்தரை ஆகிவிட்டது. நான் வரட்டுமா என்று நண்பனிடம் கேட்டேன்.

"வராம? பென்சில் யார் புடிப்பா?"

அவன் ஹம்மைக் கேட்டான், தந்திகளைக் கூட்டினான், மிதியில் கால் வைத்தான். இரண்டு ஸ்பூலும் சுற்றத் தொடங்கின. முதல் துண்டு, இரண்டாவது, மூன்றாவது. கேட்டில் ரயில் இரண்டு முறை போனது. ஹம் தடித்து மெலிந்தது. அவன் அதற்கேற்ப மிதியை விட்டுப் பிடித்தான். இருபது நிமிடம் கடந்திருக்கும், தலைக்கு மேல் பல்பு மஞ்சளடித்தது. ஊர் விளக்கேற்றிவிட்டது. ஹம் இறங்கத் தொடங்கியதை இந்தத் தடவை நானும் கேட்டேன். பென்சிலில் உரசும் டேப்பின் வேகம் குறைவதும் விரலில் தெரிந்தது. நிறுத்தச் சொல்வாரா என்று ரேடியோக்காரரைப் பார்த்தேன். அவர் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பன் நிறுத்தவில்லை. வலது கையால் தந்தியை மீட்டிவிட்டு, மிதியை மிதிப்பதற்குள், இடது கையால் கிதார் தலையில் இருந்த முறுக்காணியைத் தளர்த்தினான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு இம்மி. மேலே ஒரு தந்தி, கீழே ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றி, ஹம் எங்கே போகிறதோ அங்கே எல்லாத் தந்திகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவன் முகத்தில் வாசிக்கிறவனின் பாவனை எதுவும் இல்லை. சாலை கடக்கும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன் முகம்தான் இருந்தது. நாற்பதாவது நிமிடத்தில் கடைசி ஸ்வரத்தை விட்டுவிட்டுக் கையை எடுத்தான். அது பத்து வினாடிக்கு ஒருமுறை திரும்பி வந்து, தேய்ந்து, ஹம்முக்குள் மறைந்தது. ரேடியோக்காரர் சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் காலையில், கரண்ட் நன்றாக இருந்தபோது, போட்டுக் கேட்டோம். முழுவதும், இரண்டு தடவை. எந்த இடத்தில் பல்பு மங்கியது என்று கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. அவன் மூன்றாம் தடவையும் கேட்டான்.

வார்டில் அதை முதலில் போட்ட அன்று நர்ஸ் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அக்காவின் கழுத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். நாங்கள் மரத்தடியில் நின்றோம். ரேடியோக்காரர் ஒரு பீடியைப் பற்றவைத்து, சானடோரியம் காம்பவுண்டுக்குள் நிற்பது நினைவுக்கு வந்து அணைத்துவிட்டார். நாற்பது நிமிடம் கழித்து நர்ஸ் வெளியே வந்து, ஒன்றுமில்லை, தூங்குகிறார் என்று மட்டும் சொன்னார்.

பிறகு தினமும் மத்தியானம் அது ஓடியது. சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் ஒருநாள் நானும் நண்பனோடு போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் போனார், வேண்டாம் என்றேன். இசைக்கவை விஷயத்தை நானே சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு போயிருந்தேன். பாதியிலேயே கையை அசைத்து நிறுத்திவிட்டார். ஏற்கெனவே தெரியும் போல. தம்பியிடம் மெல்லிய குரலில் சொன்னார்.

"இதுல ஒண்ணுமே இல்லடா."

நண்பன் காத்திருந்தான்.

"நல்லா இருக்கு," என்றார்.

ஆறு வாரமும் ரத்தம் வரவில்லை. ஆபரேஷன் நடந்தது. நுரையீரலின் மேல்பாகத்தை எடுத்தார்கள், பிழைத்தார். அதோடு முதுகில் தோள்பட்டையிலிருந்து விலா வரை ஒரு தழும்பும், ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்லும் பழக்கமும் வந்தன. அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார். கொயருக்குத் திரும்பவில்லை, சபையோடு உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாடாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று நண்பன் சொல்கிறான். பெரிய வெள்ளிக்கிழமை சுருதி இறங்கத்தான் செய்கிறதாம்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த டேப் வார்டிலேயே சில மாதம் இருந்தது, பிறகு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. நண்பன் மறுபடி ஒன்று செய்யவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, கேட்க ஆள் இல்லையே என்றான். ரிசப்ஷன்களில் வாசித்துக்கொண்டிருக்கிறான்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. நண்பன் எழுந்து காபி வைக்கப் போய்விட்டான். அக்கா மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போடுகிற மாதிரி விரல்விட்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொன்னார். ஸ்பூல் இரண்டு, ஸ்பிரிங், ஒயர், காதுபோன், தம்பி போகாமல் விட்ட ஐந்து கல்யாணங்கள், அதோடு, ஆபரேஷன் தள்ளிப்போனதால் சம்பளமில்லா விடுப்பாகப் போன அந்த ஆறு வாரம். ஆறு வாரத்தைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

எழுநூற்றுப் பதினேழு ரூபாய்.